கையெழுத்தா, பேரமா, புகாரா, வழக்கா? அமெரிக்காவில் 40 தாண்டியவருக்கு லே-ஆஃப் தாள் வந்தால்

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்கு ஓர் அண்ணனிடமிருந்து போன் வந்தது. கூடப் பிறந்தவர் இல்லை. நான் அமெரிக்கா வந்த புதிதில் வீடு பார்த்துக் கொடுத்து, கார் ஓட்டவும் கற்றுக்கொடுத்த மனிதர். அவருக்கு 56 வயது, ஒரே கம்பெனியில் 22 வருஷம்.

"தம்பி, என்னைத் தூக்கிட்டாங்கப்பா. பதினோரு பக்கத்துல ஒரு பேப்பர் அனுப்பியிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பினா நல்லதுன்னு எச்.ஆர்.ல சொல்றாங்க. போட்டுடவா?"

"அண்ணே, போடாதீங்க. முதல்ல அதை முழுசா படிக்கலாம்."

அதே தாளை மூன்று வருஷத்துக்கு முன் நானும் வாங்கியிருக்கிறேன். அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நான்காம் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் வயதைப் பார்த்து ஆளை நீக்குவதைத் தடுக்கும் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் அந்தத் தாளோடு உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்று இப்போது சொல்ல முடியும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். கூடுதலாகக் கேட்டுப் பேரம் பேசலாம். வேலையில் பாகுபாட்டை விசாரிக்கும் அரசு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வழக்குப் போடலாம். இவை ஒன்றை ஒன்று ஒழிக்கும் வழிகள் இல்லை. ஆனால் தவறான வரிசையில் எடுத்தால் ஒன்று இன்னொன்றின் கதவை அடைத்துவிடும்.

சட்டம் எதைக் காக்கிறது

1964-ல் வந்த சிவில் உரிமைச் சட்டம் இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரில் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது. வயதை விட்டுவிட்டது. அதைப் பற்றி ஆராய்ந்து சொல்லும்படி தொழிலாளர் துறைச் செயலரிடம் நாடாளுமன்றம் கேட்டது. செயலராக இருந்த வில்லர்ட் விர்ட்ஸ் 1965-ல் அறிக்கை கொடுத்தார். 1967 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட, வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. வக்கீல்கள் இதை ஏ.டி.இ.ஏ. என்பார்கள்.

முதலில் 40 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் பாதுகாப்பு. 1978-ல் மேல் வரம்பு 70 ஆனது. 1986-ல் செய்த திருத்தத்தில் அந்த வரம்பும் போய்விட்டது. அதனால் நம் ஊரில் 58, 60 என்று இருப்பது போன்ற ஓய்வு வயது இங்கே பெரும்பாலான வேலைகளுக்குக் கிடையாது. நல்ல பென்ஷனோடு போகும் உயர் அதிகாரிகள், போலீஸ், தீயணைப்பு என்று சில விலக்குகள் உண்டு.

தனியார் கம்பெனியில் 20 பேராவது வேலை பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஐந்து பேர் இருந்தாலே போதும். நியூ ஜெர்சியிலும் நியூ யார்க்கிலும் ஆள் எண்ணிக்கை வரம்பே இல்லை. குடியுரிமை ஒரு நிபந்தனை இல்லை. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவருக்கும் இந்தச் சட்டம் உண்டு. இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள், எனக்கு அது மனதை அறுக்கிற விஷயம்.

முதலில் அந்தத் தாள்

செவரன்ஸ் பணம், அதாவது வேலையிலிருந்து அனுப்பும்போது தரும் தொகை, கொடுத்தே ஆக வேண்டும் என்று பொதுவான கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் ஏன் கொடுக்கிறார்கள்? உங்கள் வழக்கு உரிமையை விலைக்கு வாங்குகிறார்கள். அந்தப் பதினோரு பக்கத்தின் உயிர் பணம் எவ்வளவு என்று சொல்லும் பத்தியில் இல்லை. "கம்பெனி மீது எனக்குள்ள எல்லா உரிமைகளையும் விட்டுவிடுகிறேன்" என்று சொல்லும் பத்தியில் இருக்கிறது. நிலப் பங்கில் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் போலத்தான் இதுவும்.

இங்கேதான் 40 தாண்டியவருக்கு மற்றவருக்கு இல்லாத ஒரு பலம். 1990-ல் சேர்த்த திருத்தம், வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் எப்படி இருந்தால் செல்லும் என்று கட்டளை போட்டிருக்கிறது. படித்தால் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஏ.டி.இ.ஏ. உரிமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு எழும் உரிமைகளைப் பறிக்கக் கூடாது. ஏற்கெனவே உங்களுக்கு வர வேண்டிய சம்பளத்தையும் விடுப்புப் பணத்தையுமே விலையாகக் காட்டக் கூடாது, அதற்கு மேல் ஏதாவது தர வேண்டும். வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

அப்புறம் நாட்கள். தனி ஆளை நீக்கினால் யோசிக்க 21 நாள். ஒரே திட்டத்தில் இரண்டு பேரோ அதற்கு மேலோ போனால் 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் மனம் மாறித் திரும்பப் பெறலாம். 21-ஐயும் 45-ஐயும் நீங்களாக விரும்பி முன்கூட்டியே முடிக்கலாம். கம்பெனி மிரட்டியோ ஆசை காட்டியோ முடிக்க வைக்கக் கூடாது. அந்த 7 நாளை மட்டும் இரு தரப்பும் சம்மதித்தால்கூடக் குறைக்க முடியாது.

அண்ணனின் தாளில் 45 நாள் என்று ஆறாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை என்பது போனில் மட்டும் சொன்ன பேச்சு.

கூட்டமாக நீக்கும்போது இன்னொன்றும் தர வேண்டும். எந்தப் பிரிவிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள், எந்த அடிப்படையில், அந்தப் பிரிவில் எந்தப் பதவியில் எந்த வயதுக்காரர் போகிறார், யார் தங்குகிறார் என்ற பட்டியல். பெயர் இருக்காது, பதவியும் வயதும் மட்டும் இருக்கும். அண்ணன் அதை "கடைசியில ஏதோ ஒரு டேபிள்" என்று ஒதுக்கி வைத்திருந்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து எண்ணினோம். பிரிவில் 34 பேர். 50 தாண்டியவர்கள் 10 பேர், அவர்களில் 7 பேர் வெளியே. மீதி 24 பேரில் வெளியே போனது 2 பேர். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அதுவரை தன் வேலையில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த விதிகளில் ஒன்று தவறினாலும் பத்திரம் வயது உரிமையைப் பொறுத்தவரை செல்லாது. 1998-ல் உச்ச நீதிமன்றம் ஊப்ரே வழக்கில் இதைத்தான் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு யோசிக்க 14 நாள்தான் கொடுத்தார்கள், திரும்பப் பெறும் 7 நாள் இல்லை, சட்டத்தின் பெயரும் தாளில் இல்லை. அவர் 6,258 டாலரை வாங்கிச் செலவும் செய்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுக்காமலேயே வழக்குப் போடலாம் என்று தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் பழைய தாளை எடுத்து ஒருமுறை பார்ப்பது நல்லது. புகார் கொடுக்கும் காலக்கெடு தாண்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியே கையெழுத்துப் போடுவது

இது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். சிலருக்கு இதுதான் சரி. அடுத்த வேலை கையில் இருக்கிறது, கொடுக்கும் தொகை நியாயமாக இருக்கிறது, வயதுப் பட்டியலில் எல்லா வயதினரும் கலந்து போகிறார்கள், உங்கள் மேனேஜர் வாயிலிருந்து வயதைப் பற்றி ஒரு சொல்லும் வந்ததில்லை என்றால் சண்டைக்கு அங்கே பொருள் இல்லை. அப்போதும் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் காட்டிவிட்டுப் போடுங்கள். பெரும்பாலான நகரங்களில் தொழிலாளர் பக்கம் நிற்கும் வக்கீல்கள் மணிக்கணக்கில் காசு வாங்கித் தாளைப் படித்துச் சொல்வார்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகும் ஓர் உரிமை மிஞ்சுகிறது. ஆணையத்தில் புகார் கொடுப்பதையோ அதன் விசாரணையில் சாட்சி சொல்வதையோ எந்தப் பத்திரமும் தடுக்க முடியாது. அந்தப் புகாரிலிருந்து உங்களுக்கு வரும் பணத்தை வேண்டாம் என்று எழுதி வாங்கலாம், வாயை அடைக்க முடியாது.

பேரம்

என் கணிப்பில் அதிகம் பேருக்குப் பலன் தரும் வழி இது. நம் ஆட்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் இதைத்தான். காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற நாம் எச்.ஆர். முன்னால் வாயடைத்துப் போகிறோம். "கொடுக்கிறதையும் வேண்டாம்னு சொல்லிடுவாங்களோ" என்ற பயம். அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், நீங்கள் கூடுதலாகக் கேட்டால், முதலில் தருவதாகச் சொன்னதைத் திரும்பப் பெற அவர்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் விடுதலைப் பத்திரம் அவர்களுக்குத் தேவை. அந்தத் தேவை, 50 தாண்டிய ஒருவரின் விஷயத்தில், வயதுப் பட்டியல் சாய்ந்திருக்கும்போது, இன்னும் கூடும்.

எதைக் கேட்பது? வாரச் சம்பளத்தை மட்டும் கேட்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். கோப்ரா சட்டத்தின்படி 18 மாதம் பழைய மருத்துவக் காப்பீட்டில் தொடரலாம், ஆனால் முழு பிரீமியமும் அதன் மேல் 2 சதவீதமும் உங்கள் தலையில். ஆறு மாதம் கம்பெனி கட்டட்டும் என்று கேளுங்கள். 65-க்கு இரண்டு மூன்று வருஷம் இருப்பவருக்கு, 65-ல் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வரும்வரை இடைவெளியை நிரப்புவது சம்பளத்தைவிடப் பெரிய கவலை. இந்த வருஷத்து போனஸில் வேலை பார்த்த மாதங்களுக்கு உரிய பங்கு, அடுத்த மாதம் கைக்கு வரவிருந்த கம்பெனி ஷேர்கள், புதுக் கம்பெனி கூப்பிட்டுக் கேட்டால் பதவியும் தேதியும் மட்டும் சொல்வது, "மீண்டும் வேலைக்கு எடுக்கத் தகுதியுள்ளவர்" என்ற குறிப்பு, எல்லாமே கேட்கக்கூடியவை. தாளில் பெரிய மாற்றம் செய்து கம்பெனி புதுத் தாள் கொடுத்தால் 21 அல்லது 45 நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும். வேண்டாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் ஓடாது. நிறைய தாள்களில் அப்படி ஒரு வரி ஏற்கெனவே இருக்கும்.

நீங்களே எழுதலாம், வக்கீலை விட்டு எழுத வைக்கலாம். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வயதுப் பட்டியலில் எண்கள் உங்கள் பக்கம் இருந்தால் வக்கீல் கடிதம் போகட்டும். எண்கள் இல்லாமல், நல்ல உறவு மட்டும் இருந்தால் நீங்களே பழைய மேனேஜரிடம் பேசுவது மேல்.

ஒரு எச்சரிக்கை. பேரம் நடக்கிறது என்பதால் புகார் கொடுக்கும் கெடு நிற்காது. பேச்சு இழுத்துக்கொண்டே போய், கெடு தாண்டிய மறுநாள் "மன்னிக்கவும், முடியாது" என்று பதில் வந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

ஆணையத்தில் புகார்

சம வேலைவாய்ப்பு ஆணையம், எல்லோரும் சொல்லும் பெயரில் இ.இ.ஓ.சி. ஏ.டி.இ.ஏ. கீழ் நீதிமன்றம் போக வேண்டுமானால் முதலில் இங்கே புகார் கொடுத்திருக்க வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை.

கெடு 180 நாள். வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அதைக் கவனிக்கும் அமைப்பும் உள்ள மாநிலத்தில் 300 நாள். இந்த நாள் எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பதில்தான் பலர் விழுகிறார்கள். கடைசி வேலை நாளிலிருந்து இல்லை, நீக்கும் முடிவை உங்களுக்குச் சொன்ன நாளிலிருந்து. ரிக்ஸ் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. மார்ச்சில் சொல்லி ஜூன் வரை வேலையில் வைத்திருந்தால், மார்ச்சிலிருந்து எண்ணுங்கள். கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்கு வேறு பாதை, அங்கே 45 நாளுக்குள் அலுவலக ஆலோசகரைப் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு பள்ளம்: இணையத்தில் விவரம் நிரப்பி நேரம் கேட்பது விசாரிப்புதான், புகார் இல்லை. நேர்காணலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். கையெழுத்திட்ட புகார் பதிவானால்தான் கெடுவுக்குள் வந்ததாகக் கணக்கு. அதனால் கடைசி மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? பத்து நாளுக்குள் கம்பெனிக்குத் தகவல் போகும். இரு தரப்பும் சம்மதித்தால் இலவசச் சமரசப் பேச்சு உண்டு. சமரசம் பெரும்பாலும் சில மாதங்களில் முடியும், விசாரணை என்று போனால் பத்து மாதம், அதற்கு மேலும் ஆகும். ஆணையமே உங்களுக்காக வழக்குப் போடுவது அபூர்வம். ஆனால் போட்டால் கனமாக இருக்கும். ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனியின் மென்பொருள் 55 தாண்டிய பெண்களையும் 60 தாண்டிய ஆண்களையும் தானாகவே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு விண்ணப்பதாரர் அதே விவரத்தோடு பிறந்த தேதியை மட்டும் மாற்றி மறுபடி விண்ணப்பித்தபோது நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஆணையம் வழக்குப் போட்டு 2023-ல் 3,65,000 டாலருக்குச் சமரசம் ஆனது.

இன்னமும் வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுத்தால், அதற்காகப் பழிவாங்குவது தனிக் குற்றம். பதவி உயர்வு மறுப்பு, திடீரென்று மோசமான மதிப்பீடு, "எப்போ ரிட்டையர் ஆகப் போறீங்க" என்று மாதம் ஒரு கேள்வி, இவையெல்லாம் லே-ஆஃப்புக்கு முன்பே தொடங்கியிருந்தால் அப்போதே புகார் கொடுப்பது சில நேரம் லே-ஆஃப்பையே யோசிக்க வைக்கும். அதற்கு நெஞ்சுரம் வேண்டும். எல்லோரிடமும் எதிர்பார்க்கக் கூடாது.

மாநில அமைப்பைப் பார்க்காமல் இந்த முடிவை எடுக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் மாநிலத் துறையில் புகார் கொடுக்க மூன்று வருஷம் இருக்கிறது. நியூ ஜெர்சியில் ஆணையத்துக்கே போகாமல் இரண்டு வருஷத்துக்குள் நேராக மாநில நீதிமன்றத்துக்குப் போகலாம். டெக்சஸில் மாநிலச் சட்டத்தின் கீழ் 180 நாள்தான். இரண்டு நண்பர்கள் ஒரே கம்பெனியில் ஒரே நாளில் வேலை இழந்தாலும், ஒருவர் டெக்சஸின் டாலஸிலும் மற்றவர் நியூ ஜெர்சியின் எடிசனிலும் இருந்தால் இருவரின் கணக்கும் வேறு.

வழக்கு

புகார் கொடுத்து 60 நாள் ஆனால் ஏ.டி.இ.ஏ. வழக்கை நீங்களே போடலாம். ஆணையம் கோப்பை மூடிக் கடிதம் அனுப்பினால் அதிலிருந்து 90 நாளுக்குள் போட்டாக வேண்டும்.

நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கூட்டிக் குறைக்காமல் சொல்கிறேன். 2009-ல் குரோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வயதும் ஒரு காரணம் என்று காட்டினால் போதாது, வயது மட்டும் இல்லாவிட்டால் இந்த முடிவே வந்திருக்காது என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்றது. 1993-ல் ஹேசன் பேப்பர் வழக்கில், வேலை பார்த்த வருஷங்களும் வயதும் ஒன்றல்ல என்றது. "சம்பளம் அதிகம், அதனால் நீக்கினோம்" என்று கம்பெனி சொல்வதற்கு அந்தத் தீர்ப்பு வழி விட்டிருக்கிறது. எனக்கு இது இன்னமும் வலிக்கிறது. சம்பளம் கூடியதே வருஷங்கள் கூடியதால்தானே.

தொழிலாளி பக்கமும் தீர்ப்புகள் உண்டு. 56 வயதுக்காரர் இடத்தில் 40 வயதுக்காரரைப் போட்டாலும், இருவருமே 40-ஐத் தொட்டவர்கள் என்பதால் வழக்கு விழாது என்று 1996-ல் வந்தது. 2000-ல் ரீவ்ஸ் வழக்கு. 40 வருஷம் அதே ஆலையில் இருந்த 57 வயது மேற்பார்வையாளர். அவரை நீக்கியவர், 1620-ல் குடியேறிகளை ஏற்றி வந்த மேஃப்ளவர் கப்பலில் வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் வயதைப் பேசியிருந்தார். வருகைப் பதிவில் தவறு என்று கம்பெனி சொன்ன காரணம் பொய் என்று பொதுமக்களிலிருந்து வரும் நடுவர் குழு (ஜூரி) நம்பினால், அதை வைத்தே பாகுபாடு என்று முடிவுக்கு வரலாம் என்றது நீதிமன்றம். ஆகவே ஒரு வழக்கின் எலும்பு, அவர்கள் சொன்ன காரணத்தை உடைக்கும் ஆதாரம். முந்தைய நல்ல மதிப்பீடுகள், நீங்கள் போன பின் அதே வேலைக்கு வந்த விளம்பரம், முடிவெடுத்தவரே சொன்ன சொல். பக்கத்து மேசைக்காரர் விளையாட்டாகச் சொன்னது பெரும்பாலும் நிற்காது.

ஆதாரம் திரட்டுகிறேன் என்று கம்பெனியின் ரகசியக் கோப்புகளை வீட்டு மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். 62 வயதில் நீக்கப்பட்ட ஒரு பெண் பாதுகாப்புக்கென்று அப்படிப் பிரதி எடுத்து வைத்திருந்தார். 1995-ல் அவர் வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்தத் தவறு வெளிவந்த நாளோடு அவருக்கு வர வேண்டிய பழைய சம்பளக் கணக்கு பொதுவாக நின்றுவிடும் என்றது. தேதி போட்டு, யார் என்ன சொன்னார், யார் கூட இருந்தார் என்று உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். கூட்டாட்சிச் சட்டத்தில் இழந்த சம்பளம் கிடைக்கும், வேலையைத் திரும்பப் பெறலாம் அல்லது அதற்குப் பதிலாக வருங்காலச் சம்பளம் கிடைக்கலாம். வேண்டுமென்றே சட்டத்தை மீறினார்கள் என்றால் இழந்த சம்பளம் இரட்டிப்பாகும். மன உளைச்சலுக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது. நீங்கள் வேறு வேலையில் சம்பாதித்தது கழிக்கப்படும், வேலை தேடவே இல்லை என்றால் அதுவும் உங்களுக்கு எதிராகப் போகும். ஆகவே மூன்று மாதத்தில் அதே சம்பளத்தில் வேலை கிடைத்துவிட்டால் அந்த வழக்கின் மதிப்பு மூன்று மாதச் சம்பளத்தைச் சுற்றித்தான். 61 வயதில் இரண்டு வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் மதிப்பு பல மடங்கு. ஜெயித்தால் பங்கு என்று வரும் வக்கீல், வழக்கமாக மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வாங்குபவர், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் மாநிலச் சட்டம் மன வேதனைக்கும் தண்டனையாகவும் இழப்பீடு தருவதால் கணக்கு மாறும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்திட்ட காகிதங்களிலும் ஒரு பக்கம் இருக்கலாம்: தகராறு வந்தால் நீதிமன்றம் இல்லை, தனியார் நடுவர்தான் என்று. 1991-ல் கில்மர் வழக்கில், வயதுப் பாகுபாட்டு வழக்குக்கும் அது செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது. பொதுமக்களிலிருந்து வரும் நடுவர் குழு முன் போகலாம் என்ற எண்ணத்தில் பேரம் பேசுகிறவர் முதலில் அந்தப் பக்கத்தைத் தேட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா 59 வயதில் கலிஃபோர்னியாவில் இந்த வழியில் போனார். எதிர்த்தரப்பு வக்கீல் ஏழு மணி நேரம் கேள்வி கேட்டாராம், பன்னிரண்டு வருஷத்து மின்னஞ்சல்களை எடுத்து வைத்துக்கொண்டு. "அவங்க என்னைக் கேக்கல, என் பழைய நாளையெல்லாம் ஒவ்வொண்ணா தூக்கிப் போட்டு மிதிச்சாங்க" என்றார். இருந்தும் அவருக்கு வருத்தமில்லை. அவரிடம் மேனேஜரின் எழுத்தே ஆதாரமாக இருந்தது, கணவர் சம்பளத்தில் வீடு ஓடியது, அவசரம் எதுவும் இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் வழக்குக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

எச்-1பி-யில் இருந்தால்

வேலை போன மறுநாளிலிருந்து அமெரிக்காவில் தங்க அதிகபட்சம் 60 நாள். செவரன்ஸ் பணம் எத்தனை வாரம் வந்தாலும் அது இந்த 60-ஐ நீட்டாது. பொதுவாக, சம்பளம் தரப்பட்ட கடைசி நாளை வைத்தே வேலை முடிந்த நாளைக் கணக்கிடுகிறார்கள். அதனால் இவர்களுக்குப் பேரத்தில் முதல் கோரிக்கை பணமாக இருக்கக் கூடாது. வேலைக்கு வரச் சொல்லாவிட்டாலும் இன்னும் எட்டு வாரம் சம்பளப் பட்டியலில் வைத்திருங்கள் என்று கேட்க வேண்டும். குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிட்டு இதை எழுதுங்கள். 45 நாள் யோசிக்கும் உரிமை இவர்களுக்கும் உண்டு, 60 நாள் கடிகாரம் அதன் பக்கத்திலேயே ஓடும். ஊருக்குத் திரும்ப நேர்ந்தாலும் புகாரும் வழக்கும் சாவதில்லை. வக்கீல் மூலம் அங்கிருந்தே நடத்தலாம்.

அண்ணன் எடுத்த முடிவு

இந்த நான்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் விரித்துப் பேசினோம். அண்ணிக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது, காப்பீடு ஒரு நாள்கூட அறுபடக் கூடாது. பட்டியலில் எண்கள் பலமாக இருந்தன, ஆனால் வயதைப் பற்றி யாரும் எழுத்தில் எதுவும் சொன்னதில்லை. பழைய காகிதங்களில் அந்தத் தனியார் நடுவர் பக்கமும் இருந்தது. வழக்கு வேண்டாம், வக்கீல் கடிதத்தோடு பேரம், அது முறிந்தால் புகார் என்று முடிவு செய்தார். முடிவைச் சொன்ன நாளிலிருந்து 180 எண்ணி அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டார். அவர் மாநிலத்தில் 300 இருந்தது, இருந்தாலும் 180-ஐத்தான் குறிக்கச் சொன்னேன்.

19-ம் நாள் கடிதம் போனது. 10-ல் 7, 24-ல் 2 என்ற அந்தக் கணக்கு முதல் பத்தியிலேயே இருந்தது. 33-ம் நாள் பதில் வந்தது. 16 வாரம் என்றிருந்தது 28 வாரமானது, ஒன்பது மாதக் காப்பீட்டு பிரீமியம், அந்த வருஷ போனஸில் பங்கு. 40-ம் நாள் கையெழுத்துப் போட்டார்.

திரும்பப் பெறும் ஏழாம் நாள் இரவு மறுபடி போன். "இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் என்னால வேண்டாம்னு சொல்ல முடியும் இல்லையா தம்பி?" என்றார். முடியும் அண்ணே என்றேன். "சொல்லப் போறதில்ல. அந்த ஒரு ராத்திரியாவது முடிவு என் கையில இருக்குன்னு உக்காந்திருக்கேன்" என்றார். பன்னிரண்டு அடிக்கும்வரை இரண்டு பேரும் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம்.